கதவோர இருக்கை

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் நான் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தேன். கடைசிக்கு முந்தைய வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலி. யாரும் அதை எனக்கு ஒதுக்கவில்லை, நானாகப் போய் உட்கார்ந்துகொண்டதுதான். வகுப்பு முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் வெளியே போய்விடலாம். ஆசிரியர் கேள்வி கேட்டால் முன்னால் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பு நடந்த மொழி வேறு, வீட்டில் பேசிய மொழி வேறு. எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வரும். எதற்காகச் சிரித்தார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

முதல் பருவத்தின் இடைத்தேர்வில் நூற்றுக்கு 38 வாங்கினேன். பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குக் கீழே போகாதவள். விடைத்தாளை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்து, புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். பக்கத்து இருக்கைக்காரிக்கு 34. அவள் தாளை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள், "மூன்றாவது கேள்வியைச் சரியாகவே படிக்கவில்லை" என்று முணுமுணுத்தாள், பையில் திணித்துக்கொண்டு நாடக ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பட்டதாரிகள். கல்லூரியில் ஒரு தேர்வு சொதப்பினால் என்ன ஆகும் என்பது அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் ஆகாது.

எனக்கு அது தெரியாது. நான் அன்று கேட்டுக்கொண்ட கேள்வி, "ஏன் சரியாகப் படிக்கவில்லை?" என்பது அன்று. "ஏன் இங்கே வந்தேன்?" என்பது. மாலையில் அலுவலகத்துக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தேன். நாளைக்கு வா என்றார்கள்.

அன்றிரவு விடுதிக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர், என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்ட வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எனக்கு முதல் பருவத்தில் இரண்டு பாடம் போயிற்று. இரண்டாம் ஆண்டு பாதிவரைக்கும் இந்த வராந்தாவில் யாரோடும் பேசினதில்லை. எல்லோரும் தூங்கின பிறகுதான் தண்ணீர் பிடிக்கவே வருவேன்." என்னால் நம்ப முடியவில்லை. விடுதியில் எந்தக் காரியம் என்றாலும் எல்லோரும் முதலில் தேடுவது அவரைத்தான். "எல்லோருக்கும் அப்படித்தானா, அக்கா?" என்று கேட்டேன். "எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு. வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். போகப்போகச் சரியாகும். ஆனால் அதுவாகச் சரியாகாது, நீ நாலு பேரிடம் போய்ப் பேச வேண்டும்."

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போகவில்லை.

குழாயடியில் நடந்த அந்தப் பத்து நிமிடப் பேச்சைப் பற்றி உளவியலில் ஒரு தனிப் படிப்பே இருக்கிறது என்பது, பல ஆண்டுகள் கழித்து நானே பாடம் நடத்த வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் துறையில் இதற்கு 'உளவியல் இடையீடு' என்று பெயர். சிகிச்சையோ நீண்ட பயிற்சியோ அன்று. ஒருவர் தனக்கு நேர்வதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்பதைச் சரியான நேரத்தில், சிறிய அளவில், அசைத்துப்பார்க்கும் முயற்சி.

இதன் பழைய வடிவம் ஒன்று 1982-இல் வெளியானது. திமோதி வில்சன், பாட்ரிசியா லின்வில் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மதிப்பெண் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த முதலாண்டு மாணவர்களை அழைத்து, மேல் வகுப்பு மாணவர்கள் பேசும் சில வீடியோக்களைக் காட்டினார்கள். முதல் ஆண்டில் குறைவாக வாங்கினோம், பிறகு ஏறியது என்று அவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படிப்பை விட்டவர்கள், இதைப் பார்க்காத குழுவில் 25 சதவீதம், பார்த்த குழுவில் 5 சதவீதம். மிகச் சிறிய ஆய்வு அது, அந்த எண்களை மலைபோல நம்பிவிடக் கூடாது. ஆனாலும் முதன்முதலில் படித்தபோது அந்தக் குழாயடி ஈரம் என் காலடியில் திரும்பவும் பட்டதுபோல இருந்தது.

என் விஷயத்தில் மதிப்பெண் மேலோட்டமான காரணம்தான். அடியில் கிடந்தது வேறு. அதற்குச் சரியான பெயர் வைத்தவர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே இடம் உண்டா என்ற நிச்சயமின்மையைப் பற்றி 2007-இல் அவர்கள் எழுதினார்கள். தனிமை வேறு, இது வேறு. நண்பர்கள் இருக்கலாம், மதிப்பெண்கூட நன்றாக இருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு தராசு ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனால் ஒரு கல், குழு வேலைக்குக் கடைசியாகக் கூப்பிட்டால் இன்னொரு கல்.

அவர்கள் செய்த ஒரு சோதனை என் நினைவைவிட்டுப் போவதில்லை. கணினி அறிவியல் துறையில் நன்றாகப் பொருந்தக்கூடிய உங்கள் நண்பர்களின் பெயர்களை எழுதுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பகுதியினரிடம் இரண்டு பெயர் கேட்டார்கள், இன்னொரு பகுதியினரிடம் எட்டு. இரண்டு பெயர் எழுதுவது எளிது. எட்டு எழுதுவது யாருக்கும் கஷ்டம். வெள்ளை மாணவர்கள் எட்டுக்குத் திணறினார்கள், அதை அப்படியே மறந்தும் போனார்கள். கறுப்பின மாணவர்களோ அந்தத் திணறலையே ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இந்தத் துறையில் எனக்கு ஆட்கள் இல்லை, ஆகவே இது எனக்கான இடமில்லை என்று. அந்தத் துறையில் சேர நினைக்கும் இன்னொரு கறுப்பின மாணவருக்கு வேண்டாம் என்று யோசனை சொல்லும் அளவுக்கு அது போனது. ஒரே கஷ்டம்தான், ஒருவருக்கு அது வெறும் எரிச்சல், மற்றவருக்கு வெளியேறும் வழியைக் காட்டும் அம்பு. 34-ம் 38-ம் எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

இப்படிப் பொருள் கொள்வதை அவர்களுடைய பலவீனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தலைமுறை தலைமுறையாக வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து வருகிறவர், உள்ளே நுழைந்த பிறகும் வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது இயல்பான அறிவு. அவர்களுடைய சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரி தைரியசாலி, நான் கோழை என்பதில்லை. அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவையே வந்ததில்லை.

2011-இல் 'சயன்ஸ்' இதழில் வால்டனும் கோஹனும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே திருப்புமுனை. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 92 பேர், அவர்களில் 49 பேர் கறுப்பினத்தவர். சுமார் ஒரு மணி நேர நிகழ்ச்சி. மேல் வகுப்பு மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு என்று சில பக்கங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். எல்லா இனத்து மாணவர்களும் முதலாண்டில் இங்கே ஒட்டுவோமா என்று பயந்திருக்கிறார்கள், காலப்போக்கில் அது தணிந்திருக்கிறது என்பது அதன் சாரம். படித்த பிறகு, இது உங்கள் அனுபவத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதியதை கேமரா முன்னால் வாசிக்கச் சொன்னார்கள், அடுத்த ஆண்டு வரப்போகும் புதிய மாணவர்களுக்குக் காட்டுவதற்காக.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்க்கிறேன். அந்த அறைக்குள் நுழைந்த மாணவரிடம் "உனக்கு உதவி தேவைப்படுகிறது" என்று யாரும் சொல்லவில்லை. "எங்களுக்கு உன் உதவி வேண்டும், உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்" என்றார்கள். கை நீட்டி வாங்க வந்தவராக அவரை நடத்தவில்லை, கொடுக்க வந்தவராக நடத்தினார்கள். பிறருக்குச் சொல்லும்போது ஒரு சொல் நமக்குள்ளும் இறங்குகிறது.

அதற்கடுத்த ஒரு வாரம் ஒவ்வொரு நாளும் அன்றைக்கு நடந்த நல்லது கெட்டதைக் குறிக்கச் சொன்னார்கள். கெட்ட நாட்கள் எல்லோருக்கும் வந்தன. இடையீட்டில் பங்கேற்காத கறுப்பின மாணவர்களுக்கு, கெட்டது நடந்த நாளில் 'இது என் இடம்' என்ற உணர்வும் சேர்ந்து விழுந்தது. பங்கேற்றவர்களுக்கு அந்தக் கண்ணி அறுந்திருந்தது. கெட்ட நாள் வெறும் கெட்ட நாளாகவே முடிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கறுப்பின மாணவர்கள் மருத்துவரிடம் போன தடவைகளும் குறைந்தன. படிப்பு முடியும் நேரத்தில் கேட்டபோது, அந்த ஒரு மணி நேரத்தில் படித்த செய்தி என்னவென்று சரியாகச் சொல்ல முடிந்தவர்கள் சிலரே.

மறந்துபோன ஒன்று எப்படி வேலை செய்தது? 2020-இல் ஷானன் பிரேடி, வால்டன் முதலியோர் வெளியிட்ட தொடர் ஆய்வில் விடை இருந்தது. 7 முதல் 11 ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையீட்டில் பங்கேற்ற கறுப்பினத்தவர்கள் வேலையிலும் வாழ்க்கையிலும் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள், சமூகப் பொறுப்புகளில் முன்னால் நின்றார்கள். அதற்கு வழியாக இருந்தது மதிப்பெண் அன்று. கல்லூரிக் காலத்தில் அவர்களுக்கு வழிகாட்டிகள் வாய்த்திருந்தார்கள். பயம் சற்றுத் தணிந்தவர் ஆசிரியரின் கதவைத் தட்டியிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. அந்த உறவு வருடக்கணக்கில் அவரைத் தாங்கியிருக்கிறது. செய்தி மறந்துபோகலாம். மனிதர்கள் கூடவே இருந்தார்கள்.

'நாலு பேரிடம் போய்ப் பேச வேண்டும்' என்று அந்த அக்கா சொன்னது இதைத்தான்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் நானும் என் துறையில் முயன்றுபார்த்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாம் ஆண்டினருக்குக் கடிதம் எழுதுவது என்று திட்டம். முதல் ஆண்டில் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். இரண்டும் என் தவறுகள், மாணவர்களுடையவை அல்ல.

முதல் தவறு, யாருக்குத் தேவை என்று நானே தீர்மானித்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் யார் யார் என்று சேர்க்கைப் படிவங்களைப் பார்த்துப் பட்டியல் எடுத்தேன். பதினோரு பேர். அவர்களை மட்டும் வகுப்பு நேரத்தில் வெளியே அழைத்தேன். நல்ல எண்ணம்தான். அவர்கள் எழுந்து போவதை மீதி வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று மாலை ஒரு மாணவி வந்து நின்றாள். கண்ணில் நீர் இல்லை, குரல் மட்டும் இறுகியிருந்தது. "மேடம், இத்தனை நாளும் இங்கே யாருக்கும் என்னைப் பற்றி எதுவும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டது." அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது. இடமில்லை என்று பயந்துகொண்டிருந்தவளை எழுப்பி நிறுத்தி, ஆமாம், உனக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை என்று சொல்லியிருக்கிறேன். வால்டனும் கோஹனும் எல்லா இனத்து மாணவர்களையும் ஒரே பக்கங்களைப் படிக்கவைத்தது சும்மா இல்லை.

இரண்டாம் தவறு, கடிதங்களைத் தேர்ந்தெடுத்த விதம். நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போகவிருந்தவர்களின் கடிதங்களையே பொறுக்கி எடுத்தேன். எல்லாம் மெருகேறியவை. "முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, பிறகு கடினமாக உழைத்தேன், வென்றேன்" என்ற ஒரே மெட்டு. ஒரு பையன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நன்றாக எழுதியிருக்கிறார், மேடம். ஆனால் இவருக்கு எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை." அவன் சொன்னது சரி. அதில் குழாயடி இல்லை. எட்டாக மடித்த விடைத்தாள் இல்லை.

நிக்கோல் ஸ்டீஃபன்ஸும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது. முதலாண்டு மாணவர்கள் முன்னால் மேல் வகுப்பு மாணவர்களை உட்காரவைத்து அவர்களுடைய கதைகளைச் சொல்லவைத்தார்கள். ஒரு கூட்டத்தில் பொதுவான அனுபவம் மட்டும். இன்னொரு கூட்டத்தில், குடும்பத்தில் யாரும் படித்ததில்லை, அதனால் எந்தப் பாடத்தை எடுப்பது என்று கேட்க ஆளில்லை, ஆகவே ஆசிரியரிடம் போய்க் கேட்கப் பழகினேன் என்று பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள். படித்த குடும்பத்தில் பிறந்தவர்களும் தங்கள் பின்னணியைச் சொன்னார்கள். பின்னணி பேசப்பட்ட கூட்டத்தைக் கேட்டவர்களிடையே, முதல் தலைமுறையினருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லோருக்கும் ஒரேமாதிரி என்று வேறுபாட்டை மூடிமறைப்பதைவிட, வேறுபாடு இருக்கிறது, அதோடுதான் இங்கே இருக்கிறோம் என்று உரக்கச் சொல்வது பலருக்கு ஆறுதல். எல்லோரும் பேசும்போது அது யாருடைய நெற்றியிலும் ஒட்டிய சீட்டாக ஆவதில்லை.

மறு ஆண்டு முதல் கடிதங்களை நான் பொறுக்குவதில்லை. எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் போகிறது. எழுதுபவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்கிறேன்: ஒரு குறிப்பிட்ட நாளை எழுதுங்கள்.

இன்னொரு சிறிய விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அது சிவப்பு மை.

ஆசிரியர்களாகிய நாம் தாளில் எழுதும் திருத்தங்களை நாம் எழுதிய விதத்தில் மாணவர் படிப்பதில்லை. "வாதம் தெளிவாக இல்லை, மீண்டும் எழுது" என்று நான் எழுதினால், அதில் எனக்குத் தெரிவது வாதம் மட்டும். தன் கூட்டத்தைப் பற்றிக் காலம்காலமாக ஏளனம் கேட்டு வளர்ந்தவருக்கு அதில் வேறொரு வரி தெரிகிறது: இவர்களெல்லாம் இப்படித்தான் என்று நினைத்திருப்பாரோ? டேவிட் யேகர், கோஹன் முதலியோர் 2014-இல் இதை ஏழாம் வகுப்பில் சோதித்தார்கள். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு நாயகரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். திருத்திய தாளோடு ஒரு துண்டுச் சீட்டை ஆய்வாளர்கள் இணைத்தார்கள். பாதிப் பேருக்கு, "உங்கள் கட்டுரை பற்றிய கருத்தாக இவற்றைத் தருகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி. மீதிப் பேருக்கு, "உங்களிடம் நான் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உங்களால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவற்றைத் தருகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி. விருப்பமிருந்தால் திருத்தி எழுதலாம், கட்டாயமில்லை. சாதாரணச் சீட்டு வாங்கிய கறுப்பின மாணவர்களில் திருத்தி எழுதியவர்கள் 17 சதவீதம். மற்றச் சீட்டு வாங்கியவர்களில் 70 சதவீதத்துக்கு மேல். சிறிய வகுப்புகளில் நடந்த சோதனைதான், ஆனால் வித்தியாசம் சிறியதன்று.

அந்த வரியில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். தரம் உயர்ந்தது, உன்னால் முடியும். இரண்டாவதை மட்டும் சொன்னால் பொய்ப் பாராட்டாகிவிடும், பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலாவதை மட்டும் சொன்னால் மிரட்டல். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு தாளிலும் அந்த வரியைக் கையால் எழுதுகிறேன். அச்சடித்து ஒட்டச் சொன்னார் ஒரு சக ஆசிரியர். மாட்டேன் என்றேன். தாளுக்குள் போய், அந்த மாணவர் உண்மையில் எட்டக்கூடிய இடம் எது என்று பார்த்த பிறகுதான் அந்த வரியை எழுதும் தகுதி எனக்கு வருகிறது.

இதுவரை சொன்னதை வைத்து, மாணவரின் மனத்தைச் சரிசெய்துவிட்டால் போதும் என்று யாராவது முடிவுக்கு வந்தால், அது நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் நடத்திய சோதனை 2006-இல் வெளியானது. பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள், தீர்ப்பதற்குப் பணம் உண்டு. யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது மேல்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே பிள்ளைகள், அதே புதிர். மாறியது அறையில் ஒலித்த ஒரு சொல். அந்தச் சிறுவனுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கலாம். பட்டியலை அப்படி வாசிப்பதை நிறுத்தலாம். எதை முதலில் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

இந்தத் துறையின் நேர்மையான ஆய்வாளர்களும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2006-இல் கோஹனும் சகாக்களும், மாணவர்கள் தங்களுக்கு முக்கியமான விழுமியங்களைப் பற்றிக் கால் மணி நேரம் எழுதியதால் இன இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று காட்டினார்கள். உலகமே வியந்தது. பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரப் பள்ளிகளில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது முதல் முறை சிறிய பலன் தெரிந்தது, அடுத்த ஆண்டு மாணவர்களிடம் பலன் தெரியவில்லை. ஓர் ஊரில் முளைத்தது இன்னோர் ஊரில் முளைக்கவில்லை.

2023-இல் வால்டனும் ஒரு பெரிய குழுவும் 22 கல்லூரிகளில் 26,911 மாணவர்களிடம், இணையவழியில், ஒட்டுதலுக்கான இடையீட்டைச் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். முதலாண்டை முழுநேர மாணவராக முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியது, அதுவும் வழக்கமாகப் பின்தங்கும் குழுக்களிடையே. ஆனால் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. அந்தக் குழுவினர் உண்மையிலேயே ஒட்டி வாழ வாய்ப்பிருந்த கல்லூரிகளில்தான் பெரும்பாலும் பலன் கிடைத்தது. காலப்போக்கில் இடம் கிடைக்கும் என்று சொன்ன இடத்தில், காலப்போக்கில் இடம் கிடைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் அந்தச் சொல் பலிக்கவில்லை.

இந்த முடிவு எனக்குச் சோர்வைத் தரவில்லை, நிம்மதியைத்தான் தந்தது. பலித்திருந்தால்தான் பயந்திருப்பேன். உண்மையில் ஒதுக்கும் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு "இது எல்லோருக்கும் நடப்பதுதான், போகப்போகச் சரியாகும்" என்று ஒரு பிள்ளையை நம்பவைக்க முடியுமென்றால், அதைவிடக் கொடுமை வேறில்லை. ஒதுக்கப்படுகிறவரின் கண்ணையே அவர் நம்பாமல் செய்யும் வேலை அது. பெயரைக் கேட்டதும் முகம் மாறும் அலுவலகம், தவறாக உச்சரித்தால் சிரிக்கும் ஆசிரியர், உதவித்தொகை மாணவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நிர்வாகம். இவையெல்லாம் அப்படியே இருக்க, மாணவருக்கு மட்டும் ஒரு மணி நேர வகுப்பு எடுப்பது அநியாயம். நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 2022-இல் எழுதிய கட்டுரையில், தனிமனிதரைத் திருத்துவதில் நாம் காட்டும் ஆர்வம் அமைப்பைத் திருத்தும் பொறுப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்று எச்சரித்தார்கள். தாங்களே அந்தத் தவறைச் செய்ததாக ஒப்புக்கொண்டு எழுதியதால் அந்த எச்சரிக்கைக்குக் கனம் அதிகம்.

ஆகவே மனத்தைத் தொடும் அதே கருவியை அதிகாரத்தில் இருப்பவர் பக்கம் திருப்பினால் என்ன என்று கேட்டவர் ஜேசன் ஒகோனோஃபுவா. 2016-இல் வெளியான அவருடைய ஆய்வில் மாணவர்கள் எதையும் படிக்கவில்லை, ஆசிரியர்கள்தான் படித்தார்கள். ஐந்து பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் 31 பேர். தவறு செய்த மாணவரைத் தண்டிக்கும் முன் அவர் பக்கத்தைக் கேட்டு, உறவை விட்டுக்கொடுக்காமல் திருத்துவது பற்றிச் சில பக்கங்களைப் படித்து, தாங்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எழுதினார்கள். அந்த ஆண்டில் அவர்களுடைய மாணவர்கள் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட விகிதம், மற்ற ஆசிரியர்களின் மாணவர்களுக்கு இருந்த 9.6 சதவீதத்துக்கு எதிராக 4.8 சதவீதம். ஆசிரியர் அறையில் யாரிடமாவது இதைச் சொன்னால் சில வேளை மௌனம் நிலவும். பிரச்சினை பிள்ளைகளிடம் இருக்கிறது என்று நினைப்பது நம் எல்லோருக்கும் வசதி.

என் துறையில் பெரிதாக எதையும் சாதித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். சேர்க்கைக் கட்டண நிலுவையை வகுப்பில் வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தினோம், அதற்கே ஓராண்டு ஆயிற்று. ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்தை 'சந்தேகம் இருந்தால் வரலாம்' என்று வைத்திருந்ததை மாற்றி, முதல் மாதத்தில் எல்லோரும் ஒரு தடவை வந்தே ஆக வேண்டும் என்று ஆக்கினோம். வரலாம் என்றால் யார் வருவார்கள் என்பது நமக்குத் தெரியும்தானே. ஏற்கெனவே தைரியம் இருப்பவர்கள்தான். முதல் சந்திப்பில் பாடம் பேசுவதில்லை. சில பேர் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள். இரண்டாம் தடவை வரும்போது சாய்ந்து உட்காருகிறார்களா என்று நான் பார்ப்பேன்.

சென்ற பருவ இறுதியில் மூன்றாம் ஆண்டினரின் கடிதக் கட்டு வந்தது. அதில் ஒன்று, முன்பு ஒரு மாலையில் குரல் இறுகி என் முன்னால் வந்து நின்ற அதே மாணவி எழுதியது. முதல் பருவம் முழுவதும் தான் உட்கார்ந்திருந்த கதவோர இருக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இப்போது மூன்றாவது வரிசையில் உட்காருவதாகவும், கேள்வி கேட்க எழும்போது இன்னும் குரல் நடுங்குவதாகவும், நடுங்கினாலும் கேட்டுவிடுவதாகவும் எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்த பிறகு வெளிப்பக்கத்தில் எனக்கென்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "மேடம், ஆய்வுக்கூடக் குழுக்களை எங்களையே பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கடைசியில் மிஞ்சி நிற்பது யார் என்று ஒவ்வொரு ஆண்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது."

இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது தோன்றவே இல்லை. இந்தப் பருவத்திலிருந்து பட்டியலை நான் போடுகிறேன்.